மினார்ஸ்கி திரும்பிப் பார்த்தார்

லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. நான்கு இயந்திரத் துப்பாக்கிகளும் ஓர் ஆளும் மட்டுமே அதில் அடங்கும். பாராசூட் வைக்கக்கூட இடமில்லை. அது முதுகுக்குப் பின்னால், விமானத்தின் உடல்பகுதியில் தொங்கும். ஆபத்து வந்தால் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, பாராசூட்டை எடுத்து மாட்டிக்கொண்டுதான் குதிக்க முடியும். கூண்டு திரும்ப மறுத்துவிட்டால் உள்ளே இருப்பவர் அகப்பட்டுக்கொள்வார். 1944 ஜூன் 13, நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், பிரான்சின் வானில் பாட் பிராபி அப்படி அகப்பட்டார். அவரை மீட்கப் போன ஆண்ட்ரூ மினார்ஸ்கிக்கு வயது 27.

மினார்ஸ்கி கனடாவின் வின்னிபெக் நகரத்துக்காரர். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். பதினாறு வயதில் தந்தையை இழந்தார். விலங்கு ரோமத்தில் ஆடை செய்யும் கடையில் தோல் வெட்டிக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்தபோது முதலில் வானொலி இயக்கப் பயிற்சிதான் கிடைத்தது. மோர்ஸ் குறியீடு அவருக்குப் பிடிபடவில்லை. துப்பாக்கி வீரராக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்தில் இருந்த 419ஆம் கனடியப் படைப்பிரிவில், ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் நடுமுதுகுத் துப்பாக்கி அவருடையது. வால் துப்பாக்கி பிராபியுடையது. பிராபி அதிகாரி, மினார்ஸ்கி பதவியில் கீழே. ஆனாலும் இருவரும் நெருங்கிய நண்பர்கள். இரவில் பிரியும்போது மினார்ஸ்கி விறைப்பாகச் சல்யூட் அடித்து, “குட் நைட் சார்” என்று கேலி செய்வாராம்.

நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மானியப் படைகளும் தளவாடங்களும் ரயிலில் அங்கே போய்ச் சேராதபடி தடுக்க வேண்டும். அன்றைய இலக்கு காம்ப்ரே ரயில் நிலைய வளாகம். இந்தக் குழுவுக்கு அது பதின்மூன்றாவது பயணம், இலக்கை அடையும்போது தேதியும் பதின்மூன்று. புறப்படுமுன் புல்தரையில் கிடைத்த நான்கிலைக் குளோவர் ஒன்றை, அதிர்ஷ்டத்துக்காக மினார்ஸ்கி என் கையில் திணித்தார் என்று பிராபி பின்னாளில் சொன்னார்.

ஜெர்மானிய யுங்கர்ஸ் 88 விமானம் பின்னாலிருந்து, கீழ்ப்புறமாக வந்து சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. இறக்கையில் தீ, இரண்டு துப்பாக்கிக் கூண்டுகளுக்கும் நடுவிலும் தீ. விமானி ஆர்ட் டி பிரேன் எல்லோரையும் குதிக்கச் சொன்னார். வாசலருகே வந்த மினார்ஸ்கி, வால் பக்கம் திரும்பிப் பார்த்தார். எஞ்சின்கள் நின்றதால் பிராபியின் கூண்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தம் போய்விட்டிருந்தது. கையால் சுழற்றும் பிடியும் முறிந்துவிட்டது.

குதிக்க வந்தவர் திரும்பித் தீக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் அடித்தார், வெறுங்கையால் பிடித்து இழுத்தார். கூண்டு அசையவில்லை. உடை இடுப்புவரை எரிந்துகொண்டிருந்தது. போய்விடு என்று பிராபி கையசைத்தார். மினார்ஸ்கி முகத்தைத் திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்து, வாசலில் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்துவிட்டுக் குதித்தார். வழக்கமான அதே வார்த்தைகளை அவர் உதடுகள் உச்சரித்ததாகப் பிராபிக்குத் தோன்றியது. உடையும் பாராசூட்டும் எரிய விழுந்தவரைப் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தார்கள். தீக்காயம் அவரை விடவில்லை. மெஹாரிகூர் ஊர்க் கல்லறையில் அடக்கமானார்.

விமானி இல்லாத விமானம் தரையில் மோதி, மரத்தில் இடித்துச் சிதறியது. அந்த அதிர்ச்சியில் கூண்டு உடைந்து பிராபி வெளியே வீசப்பட்டார். உயிர் பிழைத்தார்! மற்ற ஐவரும் தப்பினார்கள். செத்தே தீர வேண்டியிருந்த மனிதர் பிழைத்ததால்தான், அந்தத் தீக்குள் நடந்தது உலகத்துக்குத் தெரியவந்தது. அவர் ஒருவர்தான் கண்ணால் கண்ட சாட்சி. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியர்கள். கூண்டோடு விழுந்த எத்தனையோ விமானங்களில் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்கள் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. மினார்ஸ்கியின் கதையைப் படிக்கும்போது அவர்களையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

1946 அக்டோபரில் மினார்ஸ்கிக்குப் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது. வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கூடம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2005இல் அவர் புறப்பட்ட பழைய தளத்தில் சிலை எழுந்தது. கனடாவின் ஹாமில்டன் நகர விமான அருங்காட்சியகம் தன்னிடமுள்ள லங்காஸ்டருக்கு அவர் விமானத்தின் அடையாள எழுத்துகளையே தீட்டி, அவர் பெயரைச் சூட்டியது. 2014இல் அது அட்லாண்டிக்கைக் கடந்து போய், பறக்கும் நிலையில் உலகில் எஞ்சியிருந்த இன்னொரு லங்காஸ்டரோடு சேர்ந்து இங்கிலாந்து வானில் பறந்தது.