ஹிகோனோகாமி: வாளின் வழித்தோன்றலா, மாணவர் கருவியா? – ஜப்பானிய மடக்குக் கத்தி ஒன்றின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானின் மரபான மடக்குக் கத்தியாகிய ஹிகோனோகாமி, சேகரிப்பாளரிடையே சாமுராய் வாளின் வழித்தோன்றலாகப் பரவலாகப் போற்றப்படுகிறது. அது தோன்றிய ஊர், அதனைச் செய்த கைவினைஞர், அதனைப் பயன்படுத்திய மக்கள் ஆகிய மூன்றையும் நோக்கும்போது அது மாணவர் கருவியாகவே வாழ்ந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மடக்குக் கத்தி, ஹிகோனோகாமி, மிகி நகரம், மடக்கெழுத்தாணி, கைவினை வரலாறு.

முன்னுரை

சட்டைப்பையில் வைத்துச் செல்லும் மடக்குக் கத்தியைத் தமிழர் பேனாக்கத்தி என்பர். இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு ஐரோப்பியர் கையாண்ட சிறுகத்தியின் பெயர் தமிழில் அவ்வாறு வழங்கலாயிற்று. பனையோலையில் எழுதியோரிடம் மடக்கெழுத்தாணி என்னும் கருவி இருந்தது. ஓலையை வாரும் கத்தியும் எழுதும் ஆணியும் ஒரே பிடியினுள் மடங்கி அடங்கும் அமைப்புடையது அது. மடக்குக் கத்திக்கும் எழுத்துக்கும் இருந்த உறவை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன. இவ்வுறவு ஜப்பானிலும் உண்டு. எனினும், அங்கு அக்கத்தியின் கதை வாளின் கதையாகவே பெரிதும் சொல்லப்படுகிறது. இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

கத்தியின் அமைப்பு

ஹிகோனோகாமியின் பிடி, ஒரே உலோகத் தகட்டை நீளவாக்கில் மடித்துச் செய்யப்படுவது. பித்தளையும் இரும்பும் இதற்குப் பயன்படும். அலகின் அடிப்பகுதியில் சிகிரி எனப்படும் சிறு நெம்புமுனை வெளியே நீண்டிருக்கும். அதனைக் கட்டைவிரலால் அழுத்தினால் அலகு விரியும். வெட்டும்போதும் அவ்விரலே அதனை நிலையாகப் பிடித்துக்கொள்ளும். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. உயர்வகைக் கத்திகளில் கடின எஃகு நடுவில் அமைய, இருபுறமும் மென்மையான இரும்பு பொதியப்பட்டிருக்கும். பிடியின்மீது பெயரும் பட்டறையின் குறியும் பொறிக்கப்படும். உறுப்புகள் மிகச் சில என்பதால் இதனைக் குறைந்த விலையில் விற்க முடிந்தது. சிறுவர் கையை இக்கத்தி எட்டியதற்கு இவ்வெளிமையே முதற்காரணம்.

மிகி நகரமும் பெயர்க்காரணமும்

இக்கத்தி ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரத்தில் 1890களில் உருவானது. கியூஷுத் தீவிலிருந்து வணிகர் ஒருவர் கொண்டுவந்த சிறுகத்தியைப் பார்த்து, மிகியின் கொல்லர் இதனைத் திருத்தமுறச் செய்தனர் என்பது அந்நகரத்து வழக்கு. ஹிகோ என்பது கியூஷுவில் உள்ள இன்றைய குமமோத்தோ பகுதியின் பழம்பெயர். ஹிகோனோகாமி என்றால் ஹிகோ நாட்டின் ஆளுநர் என்று பொருள். தொடக்கத்தில் இக்கத்திகள் கியூஷுவிற்கே மிகுதியாக விற்பனைக்குச் சென்றமையால் இப்பெயர் அமைந்தது என்பர். அவ்வாறாயின், பெயர் குறிப்பது செய்த ஊரை அன்று. வாங்கிய நாட்டையே ஆகும். பின்னர் மிகியின் உற்பத்தியாளர் சங்கம் அமைத்து, உறுப்பினர் மட்டுமே இப்பெயரைப் பொறிக்கும் உரிமையை நிலைநாட்டினர்.

வாள் மரபு என்னும் கருத்து

மெய்ஜி அரசு 1876ஆம் ஆண்டு, படையினர், காவலர் முதலியோர் நீங்கலாக ஏனையோர் பொதுவிடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. இதனால் தொழிலிழந்த வாட்கொல்லர் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கினர் என்பது சேகரிப்பாளரிடையே வழங்கும் விளக்கம். வாட்கொல்லர் பலர் வேறு கருவிகள் செய்யத் தலைப்பட்டனர் என்பது உண்மையே. ஆனால், ஹிகோனோகாமியின் பிறப்பை இதனால் விளக்க இயலாது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, காலம்: தடைக்கும் இக்கத்தியின் தோற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உள்ளன. மற்றொன்று, இடம்: மிகி தச்சுக்கருவிகளால் பெயர்பெற்ற நகரம். 1578 முதல் 1580 வரை நீண்ட முற்றுகையில் மிகிக் கோட்டை வீழ்ந்தது. அதன்பின் நகரத்தை மீளக் கட்டுவதற்குத் தச்சரும் கொல்லரும் வந்து குடியேறினர் என்பது மரபு. வாள், உளி, இழைப்புளி ஆகியவற்றைச் செய்யும் நகரம் எனப் பெயர்பெற்ற மிகியில், வாள் என்பது மரமறுக்கும் இரம்பத்தையே குறிக்கும். போர்வாளுக்கு அந்நகரம் பெயர்பெறவில்லை. எனவே ஹிகோனோகாமி தச்சுக்கருவிப் பட்டறையின் பிள்ளை எனலே பொருந்தும்.

மாணவர் கையில்

1872ஆம் ஆண்டின் கல்வி ஆணைக்குப் பின் ஜப்பானில் தொடக்கப்பள்ளிகள் பெருகின. பள்ளிகளில் பென்சில் பரவியபோது அதனைச் சீவ ஒரு கத்தி வேண்டியதாயிற்று. அவ்விடத்தை ஹிகோனோகாமி நிரப்பியது. சிறுவர் அதனைக்கொண்டு பென்சில் சீவினர், பழம் நறுக்கினர், மூங்கிலைச் செதுக்கித் தகேதொம்போ என்னும் பறக்கும் விளையாட்டுப் பொருளைச் செய்தனர். பேனாக்கத்தியும் மடக்கெழுத்தாணியும் செய்த பணியையே இங்கு ஹிகோனோகாமி செய்தது.

1960உம் அதன் பின்னும்

1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவின் ஹிபியா மன்றத்தில், சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோவைப் பதினேழு வயது இளைஞன் ஒருவன் குறுவாளால் குத்திக் கொன்றான். இதனையடுத்துச் சிறுவரிடம் கத்தி கொடுக்கலாகாது என்னும் இயக்கம் நாடெங்கும் பரவியது. கொலைக்கருவி ஹிகோனோகாமி அன்று. எனினும் பள்ளிப் பைகளிலிருந்து நீங்கியது அதுவே. இயக்கம் ஒன்றையே காரணமாகக் கூறுவதும் முழுமையாகாது. பென்சில் சீவும் பொறி வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் வந்தது. ஒசாகாவைச் சேர்ந்த ஒகாடா யோஷியோ, மழுங்கிய முனையை ஒடித்துவிட்டுப் பயன்படுத்தும் கத்தியை 1956இல் உருவாக்கியிருந்தார். அச்சமும் மாற்றுக் கருவிகளும் சேர்ந்து மிகியின் பட்டறைகளை ஒவ்வொன்றாக மூடச்செய்தன. இன்று ஹிகோனோகாமி என்னும் பெயரைப் பொறிக்கும் உரிமையுடன் அங்கு எஞ்சியிருப்பது நாகாவோ கனெகோமா பட்டறை ஒன்றே.

சேகரிப்பும் சட்டமும்

வாங்கும் சிறுவர் குறைந்தபின் இக்கத்திக்குப் புதிய ஆதரவாளராக வந்தோர் உள்நாட்டு, வெளிநாட்டுச் சேகரிப்பாளர். இவர்களின் விருப்பமே பட்டறை நிலைத்திருக்கத் துணைசெய்கிறது என்பது மறுக்கவியலாதது. ஆயினும், வாங்கிய கத்தியை ஜப்பானில் விருப்பம்போல் உடன் கொண்டுசெல்ல இயலாது. ஆறு சென்டிமீட்டரை மீறிய அலகுடைய கத்தியைத் தொழில் முதலிய தக்க காரணமின்றி எடுத்துச்செல்வதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. எட்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத, பூட்டில்லாத சில மடக்குக் கத்திகளுக்கு இதில் விலக்கு உண்டு. அதைவிடச் சிறிய கத்தியையும் காரணமின்றி மறைத்துவைத்திருத்தல் சிறுகுற்றச் சட்டத்தின்கீழ் வரும். ஒரு காலத்தில் சிறுவர் பையில் கேள்வியின்றிக் கிடந்த பொருள், இன்று பெரியவரும் காரணம் கூறவேண்டிய பொருளாயிற்று.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. நாகனோ மாகாணத்தின் இகேதாவிலுள்ள ஐசோமே தொடக்கப்பள்ளி, 1980கள் முதல் தன் மாணவருக்கு ஹிகோனோகாமி வழங்கிப் பென்சில் சீவப் பயிற்றுவித்து வருகிறது.

முடிவுரை

ஹிகோனோகாமியின் மீது இரு தோற்றங்கள் ஏற்றப்பட்டுள்ளன. ஒன்று, 1960இன் அச்சம் ஏற்றிய ஆயுதத் தோற்றம். மற்றொன்று, சேகரிப்பு ஏற்றிய வாள் தோற்றம். முன்னது இகழ்ச்சி, பின்னது புகழ்ச்சி. எனினும் இரண்டும் அதனைப் போர்க்கருவியாகவே காண்கின்றன. இரண்டிலும் தச்சுக்கருவி செய்த மிகிக் கொல்லருக்கும் பென்சில் சீவிய சிறுவருக்கும் இடமில்லை. புழங்குபொருள்களின் வரலாற்றை எழுதுவோர் பெருமையான மூலத்தைத் தேடுவதினும், அவற்றைச் செய்தவரையும் கையாண்டவரையும் தேடுவதே முறை என்பதை இக்கத்தியின் வரலாறு உணர்த்துகிறது. தமிழகத்து மடக்கெழுத்தாணியையும் ஏட்டுச்சுவடிகளின் துணைப்பொருளாக மட்டும் கருதாது, அதனை அடித்த கொல்லர், இடையில் செருகிச்சென்ற எழுத்தர் ஆகியோரின் வாழ்வோடு இணைத்து ஆராய இந்நோக்கு உதவும்.