சேலம் சிறைத் துப்பாக்கிச்சூடு (1950): காரணங்களும் பின்விளைவுகளும்

முன்னுரை

1950 பிப்ரவரி 11ஆம் நாள் சேலம் மத்தியச் சிறையில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் பொதுவுடைமை இயக்கக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். இந்தியக் குடியரசு தோன்றி அப்போது 16 நாள்களே ஆகியிருந்தன. இதனைச் சிறை ஒழுங்கு குலைந்ததன் விளைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அரசியல் கைதி எனப்படுவோர் யாவர் என்னும் வினாவே இம்மோதலின் வேர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காரணங்கள்

உயிரிழந்தோருள் பெரும்பாலோர் வட மலபார் உழவர்கள். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாதலின், 1946இல் காவும்பாயியில் நிகழ்ந்தது போன்ற உழவர் போராட்டங்களில் தண்டனை பெற்றோர் சேலத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். 1948இல் கல்கத்தா மாநாட்டில் கிளர்ச்சிப் பாதையை ஏற்ற பொதுவுடைமைக் கட்சி, சிறையையும் போராட்டக் களமாகக் கண்டது. 1949 செப்டம்பரில் மாகாண அரசு அக்கட்சியைத் தடைசெய்தது.

இவற்றினும் ஆழமான காரணம் காலனிய ஆட்சி விட்டுச்சென்ற வகுப்புமுறையாகும். கல்வி, சமூகநிலை, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றைக் கொண்டே கைதிகள் ஏ, பி, சி எனப் பிரிக்கப்பட்டனர். ஆகவே, ஒரே இயக்கத்தைச் சார்ந்தவராயினும் படித்தவர் மேல்வகுப்பையும், உழவர் கடைவகுப்பையும் பெற்றனர். குற்றவாளிகளுக்குரிய அடையாளங்களை அணியவும், மாடுகள் செய்யும் வேலைகளைச் செய்யவும் தாம் கட்டாயப்படுத்தப்பட்டதை உயிர்பிழைத்தோர் நினைவுகூர்ந்துள்ளனர். அதனை மறுத்ததே மோதலாக முற்றியது.

பின்விளைவுகள்

காவும்பாயிப் போராட்டத்தைச் சார்ந்த தளியன் ராமன் நம்பியார் இத்துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். அதே சிறையிலிருந்த அவர் மகன் உயிர்தப்பினார். இதே ஆண்டு ஏப்ரல் 24இல் கிழக்குப் பாகிஸ்தானின் ராஜசாஹி சிறையிலும் பொதுவுடைமைக் கைதிகள் எழுவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். புதிதாய் விடுதலை பெற்ற இரு நாடுகளும் பழைய சிறைமுறையையே தொடர்ந்தமை இதனால் புலனாகும்.

சட்டவழியிலும் உடனடித் தீர்வு கிட்டவில்லை. 1950 மே 19இல் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுப்புக்காவல் சட்டத்தின் 14ஆம் பிரிவை மட்டும் நீக்கி, அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. அரசமைப்பின் 21ஆம் உறுப்பு அப்போது குறுகிய பொருளிலேயே கொள்ளப்பட்டது.

முடிவுரை

தண்டனை பெற்ற கைதியும் அடிப்படை உரிமைகளை முற்றாக இழப்பதில்லை என்பதைச் சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது 1978இல்தான். சேலம் கைதிகள் உயிர்கொடுத்து எழுப்பிய வினா சட்டத்தின் மொழியில் விடைபெற 28 ஆண்டுகள் ஆயின.