மரத்தூளும் மூச்சும்: தச்சுப் பட்டறைத் தூசுக் கட்டுப்பாட்டின் வரலாறு

தச்சுத் தொழில் தோன்றிய நாளிலிருந்தே மரத்தூளும் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசு பெருகியது இயந்திரங்கள் வந்த பிறகுதான். மரத்தைக் கைக்கருவி செதுக்கும், சீவும். வேகமாகச் சுழலும் இயந்திரமோ அரைத்துப் பொடியாக்கும். தூசைப் பிடிப்பதற்கான ஏற்பாடுகளின் வரலாறு இந்த வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறது.

கைக்கருவி ஒன்று கோயில் கதையிலேயே வருகிறது. திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சூர், அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். மூங்கில் காட்டில் மறைந்திருந்த லிங்கம், வாய்ச்சி பட்டபோது வெளிப்பட்டது என்று வாசீசுவரர் கோயிலின் தலபுராணம் சொல்கிறது. வாய்ச்சி தச்சர்களின் பழங்கருவி. அதைக் கொண்டு செதுக்கினால் விரல் அளவுச் செதுக்கல்கள் தெறிக்கும். உளியில் சில்லுகளும் இழைப்புளியில் நீண்ட சுருள்களும் வரும். இவை எல்லாமே காலடியில் விழுந்து கிடப்பவை, காற்றில் மிதப்பதில்லை. திண்ணையிலும் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வேலை நடந்ததால், எழுந்த கொஞ்சத் தூசையும் காற்று கொண்டுபோனது.

கை ரம்பத்துக்கு மட்டும் தூள் அதிகம். பெரிய மரத்தைக் குழியின் மேல் கிடத்தி, மேலே ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று அறுப்பார்கள். கீழே நின்றவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாலும் தூள் கண்ணிலும் மூக்கிலும் விழும். ஆனாலும் அது பெரும்பாலும் கரடான தூள், விழுந்தவுடன் படிந்துவிடும்.

அந்தத் தூளுக்கு விலையும் இருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு அமெரிக்காவிலிருந்து பனிக்கட்டி கப்பலில் வந்தது. பல மாதக் கடற்பயணத்தில் அது உருகிப் போகாமல் காத்தது சுற்றிலும் அடைத்த மரத்தூள்தான். பிற்காலத்தில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் மரத்தூள் அடுப்பு பரவியது. தகர டப்பாவின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, அடிப்பக்கத் துளையில் ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடிப்பார்கள். பிறகு பாட்டிலையும் கட்டையையும் உருவினால் காற்று போக வழி கிடைக்கும். அடியில் சிராய்களைக் கொளுத்தினால் அடுப்பு மணிக்கணக்கில் கனிந்து எரியும். ரம்ப மில்லிலிருந்து சாக்குச் சாக்காக வாங்கிச் செல்லப்பட்ட பொருளைத் தீங்கானது என்று யாரும் எண்ணவில்லை. தீங்கு சாக்கில் அடைபடாமல் காற்றில் தங்கிவிட்ட பகுதியில் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவியும் பிறகு மின்சாரமும் மரவேலைக்குள் வந்தன. 1856இல் தொடங்கிய பெரம்பூர் ரயில்வே பணிமனை போன்ற இடங்களில், மரத்தால் ஆன ரயில் பெட்டிகளுக்காக அறுப்பதும் இழைப்பதும் பெரிய அளவில் நடந்தன. வட்ட ரம்பம், பட்டை ரம்பம், இழைப்பு இயந்திரம் ஆகியவை ஒரு நாள் வேலையைச் சில மணி நேரத்தில் முடித்தன. அதே வேகத்தில் தூசும் குவிந்தது.

அதை அகற்றும் கருவிகள் வேறு தொழில்களில் பிறந்தவை. அமெரிக்காவில் செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஸ்டர்ட்டவண்ட், தோலுக்கு மெருகேற்றும் இயந்திரங்களின் தூசை இழுக்க 1860களில் சுழல் விசிறி ஒன்றை அமைத்தார். 1878 மே 2 அன்று மினியாபோலிஸ் நகரின் வாஷ்பர்ன் மாவு ஆலையில் மாவுத்தூசு வெடித்து 18 பேர் மாண்டனர். மிதக்கும் தூசு தீப்பொறி பட்டால் வெடிமருந்துக்கு நிகரானது என்பதை உலகம் அப்போது நேரில் கண்டது. 1885இல் ஜான் ஃபிஞ்ச் என்பவருக்குச் சைக்ளோன் வகைத் தூசுப் பிரிப்பானுக்கான காப்புரிமை கிடைத்தது. கூம்பு வடிவப் பாத்திரத்துக்குள் காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும். கனமான துகள்கள் சுவரில் மோதி அடியில் இறங்கும். இலேசான காற்று நடுவழியாக மேலேறும். ஜெர்மனியில் வில்ஹெல்ம் பெத் துணிப்பை வடிகட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். விசிறி, சைக்ளோன், பை ஆகிய மூன்றும்தான் இன்றும் எந்தத் தூசு சேகரிப்பு அமைப்புக்கும் அடிப்படை.

இவை முதலில் காத்தது ஆலையையும் இயந்திரத்தையும். தொழிலாளியின் உடலைப் பற்றிய கவலை பிந்தியே வந்தது. இங்கிலாந்தில் நாற்காலித் தொழிலுக்குப் பேர்பெற்ற ஹை விக்கம் பகுதியில், மூக்கில் அரிய வகைப் புற்றுநோயோடு வந்தவர்களில் பலர் மரச்சாமான் தொழிலாளர்கள் என்பதைக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மே ஹாட்ஃபீல்டு கவனித்தார். டொனால்ட் ஆச்சிசன் உள்ளிட்டோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தூசு பட்டதற்கும் நோய் தெரிவதற்கும் இடையே பல பத்தாண்டுகள் கடந்துவிடுவதால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பது எளிதாக இல்லை. 1995இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் கடினமரத் தூசுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை, 2017இல் இயற்றிய சட்டத்தின் மூலம் 2 மில்லிகிராமாகக் குறைத்தது. ஆஸ்துமா, மூக்கடைப்பு, தோல் அரிப்பு ஆகியவை புற்றுநோயைவிட விரைவில் வந்துவிடும்.

இந்தியாவில் சட்டம் முன்பே வழிகாட்டியிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 14இல், தூசை உறிஞ்சும் கருவி தூசு பிறக்கும் இடத்துக்கு இயன்ற அளவு அருகில் இருக்க வேண்டும், அந்த இடம் இயன்றவரை மூடப்பட வேண்டும் என்று வகுத்தது. தூசுக் கட்டுப்பாட்டின் முழு அறிவும் இந்த ஒரு விதியில் அடங்கிவிடுகிறது. ஆனால் மின்விசையோடு 10 பேராவது, மின்விசை இல்லாமல் 20 பேராவது வேலை செய்யும் இடத்தையே சட்டம் தொழிற்சாலை என்று கொண்டது. 1958இல் கிண்டியிலும், தொடர்ந்து அம்பத்தூரிலும் பின்னாளில் திருவள்ளூரை ஒட்டிய காக்களூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகம் வந்தது. பெரிய ஆலைகளைச் சட்டத்தின் கண் எட்டியது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறையும், ஒற்றை ஆசாரியின் வீட்டுக் கொட்டகையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன.

அந்தச் சிறிய பட்டறைக்குள்தான் கடந்த சில பத்தாண்டுகளில் தூசு மிகவும் மாறியது. கை ரம்பத்தின் இடத்தில் கட்டர் மெஷினும், இழைப்புளியின் இடத்தில் மின் பிளேனரும், உப்புத்தாளைக் கையால் தேய்த்த இடத்தில் சாண்டரும் வந்தன. தேக்கு, வேங்கையோடு பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் சேர்ந்தன. எம்.டி.எஃப். என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. அதை அறுத்தால் சுருள் வராது, மாவுதான் பறக்கும். பெரும்பாலும் பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள் 5 மைக்ரானுக்கும் குறைவு. பட்டறை சுத்தமாகத் தெரியும்போதும் அது காற்றில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும்.

வீட்டுப் பட்டறைக்கான அமைப்பு ஆலை அமைப்பின் சிறிய வடிவம். சாண்டர், ரூட்டர் போன்ற கைக்கருவிகளின் வாய் சிறியது. அவற்றுக்குச் சிறு குழாயில் வலுவாக இழுக்கும் வேக்குவம் போதும். மேசை ரம்பத்துக்கும் பிளேனருக்கும் காற்றின் அளவு முக்கியம். 4 அங்குலக் குழாயில் தூளும் சிராயும் தேங்காமல் ஓட நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடிக் காற்று வேண்டும். அதற்குத் தனி விசிறி (புளோயர்) தேவை. குழாயின் நீளமும் வளைவும் கூடக்கூட இழுவை குறையும். அதனால் செங்குத்தான ஒரு திருப்பத்துக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் போடுவது வழக்கம். ஒவ்வொரு இயந்திரத்தின் கிளைக் குழாயிலும் தடுப்புக் கதவு வைத்து, ஓடும் இயந்திரத்தின் கதவை மட்டும் திறக்க வேண்டும். புளோயருக்கு முன்னால் சைக்ளோன் இருந்தால் பெரும்பகுதித் தூள் டிரம்மில் விழுந்துவிடும். வடிகட்டியும் சீக்கிரம் அடைபடாது.

வடிகட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணத் துணிப்பை கரடான தூளைப் பிடித்து, ஆபத்தான நுண்தூசைப் பட்டறைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிடும். குளிர்நாடுகளில் சூடேற்றிய காற்றை வெளியே விட மனமில்லாமல், விலையுயர்ந்த நுண்வடிகட்டி வழியாக அதையே சுற்றவிடுகிறார்கள். திருவள்ளூர் வெயிலில் அந்தத் தேவை இல்லை. அண்டை வீட்டுக்குத் தொல்லை இல்லாத பக்கமாக, சைக்ளோனில் பிரித்த காற்றை வெளியேற்றுவது இங்கே எளிய வழி. இடநெருக்கத்தால் அது முடியாத இடத்தில் நுண்வடிகட்டி கட்டாயம்.

எந்த அமைப்பும் முழுத் தூசையும் பிடிப்பதில்லை. சாண்டிங் செய்யும்போது என்95 முகக்கவசம் வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த தூசு மீண்டும் எழும். ஈரத்துணியோ வேக்குவமோதான் ஏற்றது. டிரம்மை அவ்வப்போது காலி செய்யாவிட்டால் சேர்ந்த தூளே தீ ஆபத்தாகும்.

ரம்பம் வாங்கும்போதே அதற்கான உறிஞ்சியையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கையில் உள்ள பணத்துக்கு முதலில் அதிகத் தூசு தரும் சாண்டரை வேக்குவத்தோடு இணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். சட்டத்தின் பார்வை எட்டாத பட்டறையில் தன் நுரையீரலையும் உடன் வேலை செய்பவரின் நுரையீரலையும் காக்கும் பொறுப்பு பட்டறைக்காரருடையதே.