பனிச்சறுக்கு (இந்தியா)

காலணியோடு பிணைத்த இரண்டு நீண்ட பலகைகளின் மேல் நின்று, பனி மூடிய மலைச்சரிவில் வழுக்கி இறங்கும் விளையாட்டு. இந்தியாவில் காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகியவற்றின் சில சரிவுகளில் இது முறையாகப் பயிலப்படுகிறது. தமிழ் வழங்கும் நிலத்தில் இதற்கு இடமில்லை. சனவரி விடியலில் உதகையிலும் கொடைக்கானலிலும் புல்மேல் வெளுத்துக் கிடப்பது உறைபனி. வெயில் ஏறினால் போய்விடும். புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூரும் பாகூரும் சங்கராபரணி, தென்பெண்ணை ஆறுகளை ஒட்டிய சமவெளி ஊர்கள். அங்கே சரிவு என்று காட்டக்கூடியது ஏரிக்கரைதான். ஆயினும் பிரெஞ்சுத் தொடர்பால் இவ்விளையாட்டுக்கும் அவ்வூர்களுக்கும் ஒரு மெல்லிய உறவு உண்டு. அது பின்னர் கூறப்படும்.

மலையிறங்கு பந்தயங்களில் முதன்மையானவை நான்கு: நேர்விரைவு இறக்கம், சூப்பர் ஜி, பெருஞ்சுலாலம், சுலாலம் (slalom). நேர்விரைவுக்கு உயரம் வேண்டும். ஆடவர் ஒலிம்பிக் தடத்தின் உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையே 800 மீட்டருக்குக் குறையக் கூடாது. சுலாலத்துக்கு 180 முதல் 220 மீட்டர் போதும். சிறிய மலைகளில் வளரும் பிள்ளைகள் பெரும்பாலும் சுலாலக்காரர்களாக உருவாவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். இந்தியாவுக்கும் இது பொருந்தும். சுலாலத்தில் சிவப்பும் நீலமுமான கம்பங்கள் மாறிமாறி நடப்பட்டிருக்கும். கம்பத்தின் அடியில் ஒரு மூட்டு இருப்பதால் அது அடிபட்டதும் மடங்கி, மறுகணம் நிமிரும். வீரர் அதைச் சுற்றிப் போவதில்லை. கைக்காப்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள காப்பாலும் அறைந்து தள்ளிக்கொண்டே இறங்குவார். ஒரு பலகையின் நுனி கம்பத்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டால் அன்றைய பந்தயம் அவருக்கு அவ்வளவுதான். இருமுறை இறங்கிய நேரங்களைக் கூட்டி முடிவு சொல்வார்கள்.

இந்திய வரலாறு காஷ்மீரின் குல்மர்க்கில் தொடங்குகிறது. பிரித்தானியப் படை அதிகாரிகள் 1927-இல் அங்கே இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தை நிறுவினர். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளில் ஆண்டுக்கு இரண்டு கூடுகைகள் நடந்தன. நாடு விடுதலை பெற்றபின் விளையாட்டு படையின் கைக்கு வந்தது. 1948 திசம்பரில் குடகைச் சேர்ந்த படை அதிகாரி கே. எஸ். திம்மையா அங்கே தொடங்கிய படைப்பிரிவுப் பனிச்சறுக்குப் பள்ளிதான் 1962-இல் உயர்மலைப் போர்ப் பள்ளியாக வளர்ந்தது. 1960-இல், 1936-ஆம் ஆண்டின் சுலால உலக வாகையரான ஆஸ்திரியர் ருடோல்ஃப் மாட் அழைக்கப்பட்டு, குளிர்கால விளையாட்டுக்கு ஏற்ற இடமாகக் குல்மர்க்கைத் தேர்ந்தார். பயிற்றுநர்களை உருவாக்கும் நிறுவனம் அங்கு 1968-இல் தோன்றியதாகச் சில நூல்களும், 1969-இல் என்று சிலவும் கூறுகின்றன.

குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் பெயரை முதலில் பதிந்தவர் ஜெரமி புஜகோவ்ஸ்கி. இவர் 1939-இல், இன்று லிதுவேனியாவிலும் அன்று போலந்திலும் இருந்த துருஸ்கினின்கையில் பிறந்தவர். பெற்றோர் சாதாரணமானவர்கள் அல்லர். ஸ்டானிஸ்லாவும் ஹலினாவும் 1934-இல் அவ்வூரிலிருந்து ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, இந்தியா வழியாக 1936-இல் ஷாங்காய் சேர்ந்த தம்பதியர். ஹலினாவின் பயணக் குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 2011-இல் நூலாயின. போர் குடும்பத்தைச் சிதறடித்தது. தந்தை இந்தியாவில் தங்க, மகனும் இங்கே வளர்ந்தார். பிறப்பால் போலந்துக்காரரான இவரை முதல் இந்தியர் என எண்ணலாமா என்று சிலர் ஐயுறுவர். ஒலிம்பிக் பதிவேடு இவரை இந்தியா என்ற தலைப்பின்கீழ்தான் வைத்திருக்கிறது.

அவர் பங்கேற்ற 1964 இன்ஸ்புரூக் போட்டி பனியில்லாமல் தவித்த போட்டி. ஆஸ்திரியப் படையினர் 40,000 கன மீட்டர் பனியை மேலிருந்து அள்ளிவந்து சரிவுகளில் கொட்டி மிதித்தனர். சறுக்குவண்டித் தடங்களுக்கென 20,000 பனிக்கட்டிகளையும் வெட்டிச் சுமந்தனர். பட்சர்கோஃபல் மலையில் நேர்விரைவுப் பயிற்சியின்போது 19 வயது ஆஸ்திரேலியர் ராஸ் மில்ன் மரத்தில் மோதி இறந்தார். பனியறியா நாட்டவரின் அனுபவக்குறைவே காரணம் என அதிகாரிகள் தரப்பிலிருந்து பேச்சு எழுந்தது. தடத்தில் கூட்டம் நெருக்கியதே காரணம் என ஆஸ்திரேலியத் தரப்பு மறுத்தது. அதே மலையில், அதே தடத்தில், சனவரி 30 அன்று இந்தியாவின் ஒரே வீரராகப் புஜகோவ்ஸ்கி இறங்கினார். பந்தயத்தை அவரால் முடிக்க இயலவில்லை. 1968-இல் கிரெனோபிளுக்கு மீண்டும் சென்றார். அப்போதிருந்த ஆடவர் மலையிறங்கு பந்தயங்களின் மூன்று தங்கத்தையும் பிரெஞ்சு வீரர் ஜான் குளோத் கில்லி அள்ளிய போட்டி அது.

அடுத்த இருபதாண்டுகளில் எந்த இந்தியரும் ஒலிம்பிக் சரிவில் இறங்கவில்லை. 1988 கால்கரியில் குல் தேவ், கிஷோர் ரத்னா ராய் ஆகியோரோடு சென்ற ஷைலஜா குமார், குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண். சுலாலத்தில் 28-ஆம் இடம் பெற்றார்.

காஷ்மீரின் கலவரக் காலத்தில் விளையாட்டு வேறு மலைகளுக்கு நகர்ந்தது. உத்தராகண்டின் ஆலியில் ஜோஷிமட்டிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. நீளக் கம்பிவட ஊர்தி 1990-களில் ஓடத் தொடங்கியது. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டின் சறுக்குப் போட்டிகள் அங்கே நடந்தன. இமாசலத்தில் குஃப்ரி, நார்கண்டா, மணாலியை அடுத்த சோலாங் ஆகியவை சிறு சரிவுகள். எனினும் இந்தியப் பந்தய வீரர்களில் பலர் இத்தகைய இடங்களிலிருந்தே வந்தனர். கேரளத் தந்தைக்கும் இத்தாலியத் தாய்க்கும் மணாலியருகே பிறந்த சிவ கேசவன், பனிவண்டிப் பந்தயத்துக்கு மாறுமுன் இளையோர் பனிச்சறுக்கில் வென்றவர் எனக் குறிப்புகள் சொல்லும். மணாலியருகே புருவா ஊரின் ஆஞ்சல் தாக்கூர் 2018 சனவரியில் துருக்கியின் எர்சுரூமில் சுலாலத்தில் பெற்ற வெண்கலமே, பன்னாட்டுப் பனிச்சறுக்குப் பந்தயத்தில் இந்தியாவின் முதல் பதக்கமாகக் கொண்டாடப்பட்டது. அவருடைய அண்ணன் ஹிமான்ஷு 2014 சோச்சி ஒலிம்பிக்கில் பங்கேற்றார். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் மீதான தடை போட்டிக்கு நடுவே நீங்கியதால், தொடக்க விழாவில் கிடைக்காத தேசியக்கொடி அவர் பந்தயத்துக்குக் கிடைத்தது.

குல்மர்க்கின் கம்பிவட ஊர்திக்கு 1980-களின் இறுதியில் பிரான்சின் பொமகால்ஸ்கி நிறுவனத்தோடு ஒப்பந்தமாயிற்று. கலவரத்தால் நின்ற வேலை மீண்டும் தொடங்கி, முதற்கட்டம் 1998-இலும், அஃபர்வத் மலைத்தோள் வரையிலான இரண்டாம் கட்டம் 2005-இலும் திறக்கப்பட்டன. உலகிலேயே உயரமானது என்று விளம்பரங்கள் கூறும். உலக வரிசையில் அதன் இடம் குறித்து மாறுபட்ட கணக்குகள் உள. நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் பொமகால்ஸ்கியும் போலந்தில் பிறந்தவரே. 

புதுச்சேரித் தொடர்பு பிரான்சின் பள்ளிகள் வழியானது. 1953-இல் பாரிஸை அடுத்த வான்வ் ஊர்ப் பள்ளி ஒன்று, வகுப்பறையையே மலைக்குக் கொண்டுபோய், காலையில் பாடமும் பிற்பகலில் சறுக்கலுமாக மாணவரைப் பயிற்றியது. இந்தப் பனிவகுப்பு முறை பிறகு நாடெங்கும் பரவியது. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துச் சொல்தாக் குடும்பங்களிலிருந்து, அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியோரின் குடும்பங்களிலிருந்து, பிரான்சில் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு அறிமுகமாகக்கூடிய வழிகளுள் இதுவும் ஒன்று. பிரெஞ்சுச் சறுக்குப் பள்ளியில் குழந்தைகள் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் நட்சத்திரம் எனப் படிப்படியாகத் தேறுவர். முதலில் பழகுவது பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, வேகத்தைக் கட்டி நிற்கும் நிலை. பின்னர் பந்தயத் தேர்வுகள் வரும். அவற்றுள் ஆல்ப்ஸ் மலையாட்டின் பெயர்கொண்ட ஷமுவா, சுலாலத் தேர்வு. பயிற்றுநர் முதலில் இறங்கிப் பதியும் நேரத்தோடு பிள்ளையின் நேரத்தை ஒப்பிட்டுப் பதக்கம் தருவர்.

அண்மைக்காலத்தில் முன்னணியில் நிற்பவர் ஆரிஃப் கான். குல்மர்க்கில் சறுக்குக் கருவிக் கடை நடத்தியவரின் மகனான இவர், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரர். பெருஞ்சுலாலத்தில் 45-ஆம் இடம் பெற்றார், சுலாலத்தை முடிக்கவில்லை. சுலாலத்துக்கான தகுதியை அவர் எந்த மலையிலும் பெறவில்லை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன தமிழர் பலரும் எட்டிப் பார்த்திருக்கும் துபாய் வணிக வளாகத்தின் கூரைக்குள், 400 மீட்டர் செயற்கைச் சரிவில் பெற்றார். கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டு 2020 முதல் நடைபெறுகிறது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்ட குல்மர்க் கட்டம், மார்ச் 9 முதல் 12 வரை நடந்தது.