சிறு துணுக்கும் பெருந்தசையும்



கையை மடக்கினால் புடைத்தெழும் தசையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அத்தசை எவ்வளவு வளரவேண்டும் என்பதை வரையறுப்பது எது? இக்கேள்விக்குரிய விடையில் ஒரு பகுதி, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவிலிருந்து தொடங்கிற்று. அவ்வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

உயிரணுவின் மரபுக் குறிப்புகள் ஆர்.என்.ஏ. என்னும் தூதோலைகளாகப் படியெடுக்கப்பெறுகின்றன. அவ்வோலைகளின்படியே புரதங்கள் உருவாகின்றன. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி விக்டர் அம்ப்ரோஸ், அவர் மனைவியார் ரோசலிண்ட் லீ, ரோண்டா பைன்பாம் ஆகியோர், புரதம் எதனையும் ஆக்காத சிறு ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்றை அப்புழுவில் கண்டதாக வெளியிட்டனர். அதன் நீளம் 22 எழுத்துகளே. கேரி ருவ்குன் ஆராய்ந்துவந்த மற்றொரு தூதோலையின் வால்பகுதியில் அது பொருந்திப் புரத உற்பத்தியைத் தடுத்தது.

இது புழுவுக்கே உரிய விந்தை என்றெண்ணி அறிஞருலகம் வாளாவிருந்தது. 2000-இல் ருவ்குன் குழுவினர் இத்தகைய வேறொரு துணுக்கை மனிதனிலும் கண்ட பின்னரே அனைவரும் விழித்தனர்.

அடுத்துத் தசையின் கதை வெளிப்பட்டது. மரபிழையின் ஒரே இடத்திலிருந்து பிறக்கும் இரு துணுக்குகளுள், ஒன்று இளந்தசை அணுக்களை முதிரச் செய்கிறது. மற்றொன்று பெருகச் செய்கிறது. இதனை 2006-இல் அறிந்தனர். அவ்வாண்டிலேயே பெல்ஜிய அறிஞர் மிஷேல் ஜார்ஜ் குழுவினர், பருத்த தசையுடைய டெக்ஸல் செம்மறியாட்டின் மர்மத்தைத் துலக்கினர். தசை வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருப்பது மயோஸ்டாட்டின் என்னும் புரதம். அவ்வாட்டில் அப்புரதத்தின் அமைப்பு மாறவில்லை. தூதோலையின் வாலில் ஓர் எழுத்து மட்டுமே மாறியிருந்தது. அம்மாற்றத்தால் தசைத் துணுக்குகள் அங்கே வந்து ஒட்டின. புரதம் குறைந்தது, கடிவாளம் தளர்ந்தது, தசை பெருத்தது.

நோயிலும் இவற்றுக்குப் பங்குண்டு. இயக்க நரம்புகள் அழியும் கொடிய நோயுற்ற எலிகளில், தசைத் துணுக்கு ஒன்று இல்லையெனில் நோய் விரைந்து முற்றுகிறது என 2009-இல் எரிக் ஓல்சன் குழுவினர் காட்டினர். நரம்பும் தசையும் மீண்டும் இணைய அத்துணுக்கு உதவுகிறது. தசை நோய்களுக்கு இவற்றை மருந்தாக்கும் முயற்சி இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது.

2024-இல் அம்ப்ரோஸும் ருவ்குனும் நோபல் பரிசு பெற்றனர். புழுவின் விந்தைதானே என்று அவர்கள் கைவிட்டிருந்தால், தசை நலிந்த குழந்தைக்காக இன்று நாம் எதிர்நோக்கும் நம்பிக்கைகளுள் ஒன்று இல்லாமற் போயிருக்கும். நும் ஆராய்ச்சிக் கண்ணுக்குச் சிறிது என்று ஒன்று உண்டோ? எண்ணிப் பாருங்கள்.