உயிரணுவுக்கு ஒரு மடி

விதைக்கு மண் வேண்டும், நீர் வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். உடலிலிருந்து பிரித்தெடுத்த உயிரணுவுக்கு என்ன வேண்டும்? ஆகாரம் மட்டும் போதாது, காலூன்ற ஓர் இடமும் வேண்டும். அந்த இடத்தைத் தேடிய சரித்திரம் எந்த நாவலுக்கும் சுவையில் குறைந்ததல்ல என்பது என் கட்சி.

1907-ல் அமெரிக்காவில் ராஸ் ஹாரிஸன் என்ற விஞ்ஞானி, தவளைக் கருவிலிருந்து நரம்புத் திசுவில் ஒரு துணுக்கை எடுத்துத் தவளையின் நிணநீரில் வைத்தார். நிணநீர் உறைந்தது. அந்த உறைவுக்குள் நரம்பிழை நீண்டு வளர்வதைக் கண்ணாரக் கண்டார். பிறகு சிலந்தி நூலை வைத்துப் பார்த்தார். அணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு ஊர்ந்தன. பற்றுக்கோடு இல்லாமல் அவை நகர்வதில்லை என்பதை 1914-ல் எழுதி வைத்தார்.

1998-ல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் ஜேம்ஸ் தாம்ஸன், மனிதக் கருவின் மூல உயிரணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களை, முதன்முதலாகத் தனியே வளர்த்துக் காட்டினார். உடலின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடியவை அவை. பழுதான கண்ணையும் இருதயத்தையும் செப்பனிடலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் அவை வளர்ந்த மடி யாருடையது? எலியினுடையது! எலிக்கருவின் அணுக்களைப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அவற்றின் மேல்தான் மனித அணுக்களை வளர்த்தார்கள். 2001-ல் அந்த எலி அணுக்களை நீக்கிவிட்டு வளர்க்க வழி கண்டார்கள். அதற்கு உதவியதும் எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த ஒரு பசைதான்.

வளர்த்தவளின் வாடை பிள்ளையிடம் ஒட்டாதிருக்குமா? மனித உடல் தானாக உண்டாக்காத, பிராணிகளுக்கு உரிய ஒரு சர்க்கரைப் பொருள் இந்த அணுக்களில் ஏறியிருப்பதை 2005-ல் கலிபோர்னியா ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளை அந்நியமென்று எதிர்க்கும் சக்தி நம் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மருந்தென்று உள்ளே வைத்ததை நோயாளியின் ரத்தமே பகையென்று தாக்கினால் அவன் கதி என்ன?

2010-ல் மிச்சிகன் சர்வகலாசாலையினர் ஒரு விடை சொன்னார்கள். பாத்திரத்தின் அடியில் முற்றிலும் செயற்கையான பாலிமர் பூச்சு. சங்கிலி போல் நீளும் அந்தப் பொருளின் ஒவ்வொரு கண்ணியிலும் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. பிராணிச் சரக்கு துளியும் இல்லை. எலிப்பசை தடவைக்குத் தடவை மாறும். பாலிமரையோ ஒரே பக்குவத்தில் செய்துகொள்ளலாம். மனித மூல உயிரணுக்கள் அதன்மேல் நெடுநாள் பெருகின. தங்கள் இயல்பையும் இழக்கவில்லை.

தாயின் மடி வேண்டிய இடத்தில் உயிரற்ற பொருளா என்று மனம் முதலில் சுணங்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த மடி தன் வாடையைப் பிள்ளைமேல் ஏற்றுவதில்லை. எலிப்பசை ஆராய்ச்சிக்கூடங்களை விட்டுப் போய்விடவில்லை. பழகிய சரக்கு, சோதனைக்குப் போதும். ஆனால் ஒரு மனிதனின் கண்ணுக்குள் வைக்கப்போகிற அணு யார் மடியில் வளர்ந்தது என்று கேட்க, அந்தக் கண்ணுக்கு உடையவனுக்கு உரிமை உண்டு.