குல்லாவுக்குத் தடை!

"சித்தப்பா, உங்ககிட்ட ஜோடி இல்லாத சாக்ஸ் இருக்கா?"

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் மகள் வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டால் என்ன செய்வது? ஜோடியாக இருக்கிற சாக்ஸ்தான் நம் வீட்டில் அபூர்வம். பீரோவின் கீழ்த்தட்டைக் கவிழ்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒன்று, எப்போதோ கால்பந்து ஆடுகிறேன் பேர்வழி என்று வாங்கிய நீளமான சிவப்பு ஒன்று. இரண்டையும் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊசி இல்லை, நூல் இல்லை. சாம்பல் நிற சாக்ஸுக்குள் இரண்டு டம்ளர் அரிசி கொட்டினாள். தளர்வாக இருந்த வாயை இழுத்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள். தரையில் இரண்டு தட்டுத் தட்டியதும் அது தொந்தியும் தொப்பையுமாக உட்கார்ந்துகொண்டது. ("பஞ்சு வெச்சா சாஞ்சுடும் சித்தப்பா, அடியில வெயிட்டு வேணும்.") பழைய பொம்மையிலிருந்து உரித்த வெள்ளை ரோமத் துணியில் முக்கோணமாக ஒரு துண்டு. அதுதான் தாடி. பசை தடவி ஒட்டினாள். தாடிக்கு மேலே மூக்காக ஒரு மரமணி. சிவப்பு சாக்ஸின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த குழாயின் ஒரு முனையைச் சுருக்கி சணலால் கட்டி, குல்லாவாக மாட்டி மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டாள். கண்ணே கிடையாது. பத்து நிமிஷத்தில் ஒரு குட்டிக் கிழவர் ரெடி.

"யாரும்மா இவரு?"

"நோம், சித்தப்பா. கிறிஸ்துமஸ் டெக்கரேஷன்."

"அது தெரியுது. இவரு யாரு?"

அவளுக்குத் தெரியவில்லை. அவள் போனபிறகு கிழவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு யோசித்தேன். சாதாரண ஆளா இவர்? ஹிட்லரின் ஆட்களே ஒரு காலத்தில் இவருடைய குல்லாவைத் தடைசெய்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே!

'நோம்' என்ற பெயரை உலவவிட்டவர் பதினாறாம் நூற்றாண்டு வைத்தியர் பாராசெல்சஸ். மண்ணுக்குள் வாழும் குள்ளர்களுக்கு அவர் வைத்த பெயர் அது. பிறகு ஜெர்மனியில் களிமண்ணில் பொம்மை செய்து தோட்டத்தில் நிறுத்தினார்கள். அந்தக் கதை நமக்கு வேண்டாம். சாக்ஸ் கிழவரின் சொந்த ஊர் இன்னும் வடக்கே. ஸ்வீடனில் இவர் பெயர் 'டோம்டே'. நார்வேயிலும் டென்மார்க்கிலும் 'நிஸ்ஸே'.

பண்ணை வீட்டின் காவல்காரர். மாட்டுத் தொழுவத்திலோ பரணிலோ குடியிருப்பார். ராத்திரியில் எல்லோரும் தூங்கினபிறகு குதிரைக்குத் தீனி வைப்பார், மாட்டைப் பார்த்துக்கொள்வார். சாம்பல் நிற உடை, சிவப்புக் குல்லா. சம்பளம் என்ன தெரியுமா? வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஒரு கிண்ணம் கஞ்சி. நடுவில் ஒரு கட்டி வெண்ணெய். அவ்வளவுதான். ஆனால் அந்த வெண்ணெயில் கை வைத்தால் தொலைந்தது!

ஒரு பழைய கதை. ஒரு வேலைக்காரப் பெண் குறும்புக்காக வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டாள். நிஸ்ஸே வந்து பார்த்தார். மேலே வெண்ணெய் இல்லை. வந்ததே கோபம்! நேரே தொழுவத்துக்குப் போய் இருப்பதிலேயே நல்ல பசுவை அடித்துக் கொன்றுவிட்டார். அப்புறம் பசி. சரி, வெறுங்கஞ்சியாவது குடிப்போம் என்று குடித்துக்கொண்டே போனால், அடியில் வெண்ணெய்! அடடா, தப்புப் பண்ணிவிட்டோமே என்று ராத்திரியோடு ராத்திரியாக அக்கம்பக்கத்துப் பண்ணைக்குப் போய், அதே நிறத்தில் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினாராம். அந்தப் பண்ணைக்காரன் என்ன பாவம் செய்தான் என்று கதை சொல்வதில்லை.

தொல்லை தாங்காமல் வீட்டையே காலி செய்த குடும்பத்தின் கதையும் உண்டு. சாமான்களை ஏற்றிய வண்டி பாதி தூரம் போனதும் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து சிவப்புக் குல்லா எட்டிப் பார்க்கிறது. "இன்னிக்கு நாம வீடு மாறுறோம் போலிருக்கே!"

இப்படிப்பட்ட முன்கோபிக்கு வாழ்த்து அட்டையில் சிரித்த முகம் கிடைத்ததற்குக் காரணம், ஒரு பெண். ஜென்னி நீஸ்ட்ரோம். ஸ்வீடன் நாட்டு ஓவியர், 1854-ல் பிறந்தவர். ஸ்டாக்ஹோமின் கலை அகாடமியில் படித்து, 1881-ல் ஒரு சரித்திர ஓவியத்துக்காகப் பதக்கமே வாங்கியவர். அடுத்து பாரிஸில் படிப்பு. பெரிய கான்வாஸ்களில் ராஜாக்களை வரைந்து பேர் வாங்கியிருக்க வேண்டியவர். ஆனால் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த கணவருக்குக் காசநோய். படிப்பை முடிக்க முடியவில்லை. குடும்ப பாரம் ஜென்னியின் தூரிகையில் விழுந்தது. பத்திரிகைக்குப் படம், புத்தகத்துக்குப் படம், வாழ்த்து அட்டை என்று எது வந்தாலும் வரைந்து தள்ளினார்.

அந்த 1881-லேயே கவிஞர் விக்டர் ரீட்பெரி 'டோம்டே' பற்றி எழுதிய கவிதை ஒரு பத்திரிகையில் வந்தது. அதற்குப் படம் போட்டவரும் ஜென்னிதான். வெண்தாடி, சிவப்புக் குல்லா, கையில் கஞ்சிக் கிண்ணம் என்று அவர் வரைந்த கிழவர்கள் வருஷாவருஷம் அட்டைகளில் ஏறி வீடு வீடாகப் போனார்கள். 1946-ல் அவர் இறந்தபோது அந்தக் கிழவர் இல்லாத ஸ்காண்டிநேவிய கிறிஸ்துமஸையே நினைத்துப் பார்க்க முடியாது என்றாகிவிட்டது. அகாடமிக்காரர்கள் அட்டைப் படங்களைக் கலை என்று மதித்தார்களா என்பது வேறு விஷயம்.

சரி, ஹிட்லர் எங்கே வந்தார்?

1940, ஏப்ரல் 9. ஜெர்மன் படைகள் நார்வேக்குள் புகுந்தன. ஜூன் மாதம் மன்னர் ஏழாம் ஹாக்கோன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. நாட்டின் ஜனத்தொகையே சுமார் முப்பது லட்சம்தான். அதில் போய் மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மன் சிப்பாய்களைக் கொண்டு வந்து இறக்கினார்கள். பத்துப் பேருக்கு ஒரு சிப்பாய்! துப்பாக்கி தூக்கிச் சண்டை போட வழியில்லாத ஜனங்கள் என்ன செய்வார்கள்?

கோட்டு மடிப்பில் ஒரு பேப்பர் கிளிப்பைக் குத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். காகிதங்களைச் சேர்த்துப் பிடிக்கிற சமாசாரமில்லையா? 'நாங்கள் சேர்ந்திருக்கிறோம்' என்று அர்த்தம். போலீஸுக்கு அர்த்தம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்ததும் தடை. டிராமில் ஜெர்மன்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நார்வேக்காரர் எழுந்து போய் நின்றுகொள்வார். இடம் காலியாக இருந்தாலும் நிற்பார். அதுவும் குற்றம் என்று அறிவித்தார்கள்.

அப்புறம் வந்தது குல்லா. நிஸ்ஸே போடுகிற அதே கூம்பு வடிவ சிவப்புக் கம்பளிக் குல்லா. துணி, கம்பளி எல்லாம் ரேஷன். தோல் கிடைக்காமல் மீன் தோலிலும் காகிதத்திலும் செருப்புச் செய்து போட்ட காலம் அது. அந்தத் தட்டுப்பாட்டிலும் எப்படியோ சிவப்பு நூல் தேடி, குல்லா பின்னிப் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தலையில், கல்லூரி மாணவர்கள் தலையில், பனி கொட்டும் தெருவெங்கும் சிவப்பு. வாழ்த்து அட்டைகளிலும் அதே குல்லா. அட்டைகளில் 'நல்ல கிறிஸ்துமஸ்' என்று போடாமல், 'நல்ல நார்வே கிறிஸ்துமஸ்' என்று அச்சடித்தார்கள். கூடுதலாக ஒரே ஒரு வார்த்தை. போலீஸ் அந்த அட்டைகளைப் பறிமுதல் செய்தது.

இந்த இடத்தில் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1942, பிப்ரவரி 1. க்விஸ்லிங் என்ற உள்ளூர் நாஜி, பிரதமர் நாற்காலியில் உட்காருகிறார். (இன்றைக்கும் ஆங்கிலத்தில் துரோகிக்கு 'க்விஸ்லிங்' என்றே பெயர். வேறெந்தப் பிரதமருக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை!) பிப்ரவரி 5-ம் தேதியே புதிய சட்டம். ஆசிரியர்கள் எல்லோரும் நாஜி சங்கத்தில் சேர வேண்டும், பிள்ளைகள் நாஜி இளைஞர் அணியில் சேர வேண்டும். நாட்டிலிருந்த சுமார் 14,000 ஆசிரியர்களில் ஏறக்குறைய 12,000 பேர் 'மாட்டோம்' என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அரசாங்கம் விறகு இல்லை என்று காரணம் சொல்லி ஒரு மாதம் பள்ளிகளையே மூடியது.

அந்தக் களேபரத்தின் நடுவில்தான் டிரோன்ட்ஹெய்ம் நகரத்துப் போலீஸ் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. சிவப்புக் குல்லா அணிவது பிப்ரவரி 26, வியாழக்கிழமை முதல் தடை செய்யப்படுகிறது. மீறினால் குல்லா பறிமுதல், போட்டவருக்குத் தண்டனை. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை போட்டிருந்தால்? அப்பா அம்மாவுக்குத் தண்டனை!

நோட்டீஸைப் படித்தவர்கள் சிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். சிரிக்கிற மாதிரி இல்லை நிலைமை. மார்ச் மாதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஏப்ரலில் அவர்களில் சுமார் 500 பேரை ஒரு சின்ன நீராவிக் கப்பலில் மூட்டை மாதிரி அடைத்து, வடகோடியில் இருக்கும் கிர்கெனஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெர்மன் ராணுவத்துக்குச் சரக்கு இறக்குகிற வேலை. கப்பல் புறப்பட்ட துறைமுகம் எது? அதே டிரோன்ட்ஹெய்ம். குல்லா போட்ட பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் அந்த ஊரிலும் இருந்திருப்பார்கள்தானே?

ஆசிரியர்கள் மசியவில்லை. சம்பளமில்லாமல் போன குடும்பங்களை ஊர்க்காரர்கள் ரகசியமாகப் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். க்விஸ்லிங்கின் ஆசிரியர் சங்கம் காகிதத்தோடு நின்றுபோனது. நவம்பருக்குள் கிர்கெனஸ் கைதிகள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. நார்வே முழுசாக விடுதலை ஆனது 1945, மே 8-ல். க்விஸ்லிங்குக்கு அந்த அக்டோபரிலேயே மரண தண்டனை நிறைவேறிவிட்டது.

அண்ணன் மகளுக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அவருக்குக் கஞ்சி வைக்கணுமா சித்தப்பா?"

"ஆமாம்மா. இப்பல்லாம் நார்வேயில அரிசிக் கஞ்சிதான். பாலில் வேகவைத்து, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவி, நடுவில் வெண்ணெய்."

"அரிசி ஏற்கெனவே வயித்துல இருக்கு. வெண்ணெய் மட்டும் வெச்சுடுங்க."

வைத்திருக்கிறேன். மேலேதான், கண்ணில் படுகிற மாதிரி.